ஐம்பது பாட்டு, மூன்று வாக்கு: வானொலியின் ஆண்டுப் பட்டியல் எப்படி உருவாகிறது

1976-ஆம் ஆண்டின் இறுதியில், பிபிசி ரேடியோ 1-இல் இரவு நிகழ்ச்சி நடத்திவந்த ஜான் பீல் தன் நேயர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். மிகப் பிடித்த மூன்று பாட்டுகளை வரிசைப்படுத்தித் தபாலில் எழுதி அனுப்ப வேண்டும். வந்த கடிதங்களை எண்ணி, மேலே வந்த ஐம்பதைக் கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் ஒலிபரப்பினார். அதற்கு 'ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி' என்று பெயர். முதலிடம் லெட் செப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டுக்குக் கிடைத்தது. அது 1971-இல் வந்த பாட்டு. 1976-இன் நடுவிலிருந்தே பீல் பங்க் என்ற முரட்டு வேக ராக் இசைத்தட்டுகளை ஒலிபரப்பத் தொடங்கியிருந்தார். ஆனால் அந்தச் சமயத்தில் லண்டனில் வெடித்துக்கொண்டிருந்த பங்க் குழுக்களில் ஒன்றுகூட அந்த ஐம்பதுக்குள் இல்லை.

நேயர்கள் காலத்துக்குப் பின்னால் நின்றார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அது பாதிதான் சரி. 'உங்களுக்கு மிகப் பிடித்தவை எவை?' என்று கேட்டால் யாருக்கும் முதலில் வாயில் வருவது பல வருடம் கேட்டுப் பழகிய பாட்டுதான். போன மாதம் வந்த பாட்டு அதோடு போட்டி போட முடியாது. ஆண்டு இறுதியில் வரும் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: என்ன கேள்வி கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எப்படி எண்ணினார்கள். இசை பற்றிய செய்தி அதற்குப் பிறகுதான் வருகிறது.

மறு ஆண்டே இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு தானாக அமைந்தது. 1977-இல் நேயர் வாக்கெடுப்பு நடக்கவில்லை; பீலே தனக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுத்தார். ஐம்பதோடு நிறுத்த மனம் வராமல் 61 பாட்டு வரை போய்விட்டார். முதலிடத்தில் 'தி மோட்டார்ஸ்' குழு. பட்டியல் நெடுகப் புதிய குழுக்களின் வாடை. ஓராண்டு இடைவெளியில், ஒரே நிகழ்ச்சியில், ஒரே பெயரில் வந்த இரண்டு பட்டியல்களுக்குள் இத்தனை தூரம். தேர்ந்தெடுத்தவர்கள் மாறியிருந்தார்கள்.

1978-இல் வாக்கெடுப்பு மீண்டும் வந்தபோது செக்ஸ் பிஸ்டல்ஸின் 'அனார்க்கி இன் த யுகே' முதலிடத்துக்கு ஏறியது. நேயர்களின் காது இரண்டே ஆண்டில் திருந்திவிட்டது என்று இதைப் படிக்கலாம். ஆனால் இடையில் நேயர் கூட்டமே மாறிவிட்டது. பங்க் ஒலிபரப்பத் தொடங்கியதும் பழைய நேயர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், சின்னப் பையன்கள் வந்து சேர்ந்தார்கள், நேயர்களின் சராசரி வயது பத்து குறைந்தது என்று பீலே சொல்வதுண்டு. ரசனை மாறியதையும் ஆள் மாறியதையும் பட்டியலை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

அதன்பின் ஒரு சிக்கல் தலைதூக்கியது. 1979-லும் 'அனார்க்கி', 1980-லும் 'அனார்க்கி'. 1981-இல் ஜாய் டிவிஷனின் 'அட்மாஸ்ஃபியர்'. முதல் பத்து இடங்கள் ஏறக்குறைய உறைந்துபோயின. 'எல்லாக் காலத்துக்குமான' கேள்வியைக் கேட்டால் இப்படித்தான் ஆகும். பழைய பாட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் ரசிகர்கள் கூடுவார்கள், குறைய மாட்டார்கள். பட்டியலில் முதலிடம் பெற்றதாலேயே அது மறுபடி ஒலிபரப்பாகும், அதனாலேயே இன்னும் சிலருக்குப் பிடித்துப்போகும். பீல் 1982-இல் இரண்டு பட்டியல் போட்டார். ஒன்று பழைய முறை. அதில் மறுபடி 'அனார்க்கி'தான். இன்னொன்று அந்த ஆண்டில் வந்தவற்றுக்கு மட்டும். அதில் நியூ ஆர்டரின் 'டெம்ப்டேஷன்'. அடுத்த ஆண்டிலிருந்து ஆண்டுப் பட்டியலே வழக்கமாக நின்றது.

ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே நிலையம் இதே பள்ளத்தில் விழுந்து இதே வழியில் ஏறியது. அங்கே 'ஹாட்டஸ்ட் 100' என்ற வாக்கெடுப்பு 1989-இல் எல்லாக் காலத்துக்குமான பட்டியலாகத் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டும் ஜாய் டிவிஷனின் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' முதலிடம். மூன்றாம் ஆண்டு நிர்வாணா குழு அதை இறக்கியது. 1992-இல் வாக்கெடுப்பை நிறுத்திவிட்டு, 1993 முதல் அந்தந்த ஆண்டின் பாட்டுகளுக்கு மட்டும் என்று விதியை மாற்றினார்கள். இன்றுவரை அதுதான் நடக்கிறது.

வாக்குச்சீட்டில் எத்தனை இடம்

பீலின் நேயர் மூன்று பாட்டு எழுதினார். டிரிபிள் ஜேவில் பத்துப் பாட்டு தேர்வு செய்ய வேண்டும். இது ஏதோ நிர்வாக விஷயம் என்று தோன்றும். ஆனால் பட்டியலின் முகத்தையே மாற்றுவது இந்த எண்தான்.

மூன்றே மூன்று என்றால் ஒருவர் தன் உயிரான பாட்டைத்தான் எழுதுவார். யாருக்கும் தெரியாத சிறு குழுவுக்கு ஐம்பது தீவிர ரசிகர்கள் இருந்தால் அது பட்டியலின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். பத்து என்றால் முதல் நான்கைந்து இடம் மனதுக்கு நெருக்கமானவை. மீதி இடங்களை 'இதுவும் நன்றாகத்தான் இருந்தது' என்று நினைவில் இருப்பதைக் கொண்டு நிரப்புவார்கள். அந்த மீதி இடங்களில் எல்லாரும் எழுதுவது எல்லாரும் கேட்ட பாட்டைத்தான். ஆகவே பத்து வாக்குப் பட்டியலில் பொதுவாகப் பிரபலமானவை மேலே மிதக்கும். மூன்று வாக்குப் பட்டியலில் விசித்திரங்கள் மிஞ்சும். எது நல்லது என்பது நிகழ்ச்சியின் நோக்கத்தைப் பொறுத்தது. பின்னிரவு நிகழ்ச்சிக்குப் பத்து வாக்கு கொடுப்பது அதன் குணத்தையே மழுங்கடித்துவிடும் என்பது நம் கருத்து.

அடுத்தது புள்ளிக் கணக்கு. 'அ' என்ற பாட்டை 20 பேர் முதலிடத்தில் எழுதியிருக்கிறார்கள், வேறு யாரும் எழுதவில்லை. 'ஆ' என்ற பாட்டை 5 பேர் முதலிடத்திலும் 25 பேர் இரண்டாமிடத்திலும் எழுதியிருக்கிறார்கள். முதலிடத்தை மட்டும் எண்ணினால் 20-க்கு 5, 'அ' ஜெயிக்கிறது. சீட்டில் பெயர் இருந்தால் ஒரு வாக்கு என்று எண்ணினால் 30-க்கு 20, 'ஆ' ஜெயிக்கிறது. 3-2-1 என்று புள்ளி போட்டால் 'ஆ' 65, 'அ' 60. 5-3-1 என்று போட்டால் இரண்டும் 100; சமநிலை. ஒரே கடிதக்கட்டு, நான்கு கணக்கு, மூன்று முடிவு. புள்ளி முறையை வாக்கெடுப்பு தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். எண்ணி முடித்தபின் முறையைத் தேர்ந்தெடுத்தால், தெரிந்தோ தெரியாமலோ நமக்குப் பிடித்ததையே ஜெயிக்க வைப்போம்.

மூன்றாவது சிக்கல் வாக்குச் சிதறல். ஒரு குழுவுக்கு 40 ரசிகர்கள். அந்தக் குழு அந்த ஆண்டில் நான்கு நல்ல பாட்டுகள் தந்துவிட்டது. வாக்கு பத்துப் பத்தாகப் பிரியும். இன்னொரு குழுவுக்கு 15 ரசிகர்கள்தான், ஆனால் பாட்டு ஒன்றே ஒன்று. பதினைந்து பத்தை வென்றுவிடும். பீலுக்கு மிகப் பிடித்த குழு 'தி ஃபால்'. ஆண்டுதோறும் ஓயாமல் இசைத்தட்டு போட்ட குழு. ஃபெஸ்டிவ் ஃபிஃப்டியில் மிக அதிகப் பாட்டுகள் இடம்பிடித்தது அதற்குத்தான். ஆனாலும் பீல் இருந்தவரை அந்தப் பெயரில் முதலிடம் ஒரே ஒரு முறைதான் கிடைத்தது, 1990-இல். உற்பத்தி அதிகமானவர்களுக்கு முதலிடம் எட்டாமல் போவதில் சிதறலுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைத் தவிர்க்க 'ஒரு கலைஞருக்கு ஒரு பாட்டு' என்று விதி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நோயை விட மோசமான மருந்து. யாருடைய எந்தப் பாட்டு என்பதைத் தொகுப்பாளர் தீர்மானிக்க வேண்டிவரும். அப்புறம் அது நேயர் பட்டியலாக இருக்காது. சிதறலை ஒப்புக்கொண்டு, கலைஞர்வாரியான மொத்த வாக்கைத் தனியாக அறிவிப்பதே நேர்மையான வழி.

பீலின் நிகழ்ச்சியில் ரெக்கே, ஆப்பிரிக்க கிட்டார் இசை, டெக்னோ, காதைக் கிழிக்கும் மெட்டல் எல்லாம் ஓடின. பட்டியலில் வந்ததோ பெரும்பாலும் கிட்டார் பிடித்த வெள்ளைக்காரப் பையன்கள். இது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் சூழ்ச்சி எதுவும் இல்லை. கிட்டார் ரசிகர்களுக்கு அந்த ஆண்டின் பொதுவான பாட்டுகள் பத்து இருபது இருந்தன. அவற்றின் மீது வாக்கு குவிந்தது. ரெக்கே கேட்டவர்களோ டெக்னோ கேட்டவர்களோ ஆளுக்கொரு இசைத்தட்டைச் சொன்னார்கள். அவை எதுவும் ஐம்பதைத் தொடும் அளவுக்குச் சேரவில்லை. எண்ணிக்கை எப்போதும் ஒத்த ரசனைக்குத்தான் சாதகம். 1991-இல் சலிப்பு முற்றிப்போய் அவர் பட்டியலை அந்த ஆண்டு ஒலிபரப்பவே இல்லை. நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' அதில் முதலிடம். பிறகு 1993-இல் வாரத்துக்கொரு பாட்டாக அதை ஒலிபரப்பினார். 'ஃபான்டம் ஃபிஃப்டி' என்று அதற்கு வழக்கில் பெயர்.

1997-இல் வேறு இடைஞ்சல். ஒலிபரப்பு நேரம் போதவில்லை. ஐம்பது 31 ஆகச் சுருங்கியது. அந்த ஆண்டு முதலிடம் கார்னர்ஷாப் குழுவின் 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா'. பாட்டில் வரும் ஆஷா, ஆஷா போஸ்லே. லதா மங்கேஷ்கர், முகமது ரஃபி பெயர்களும் அதில் வருகின்றன. இந்திப் பின்னணிப் பாடகர்களின் 45 சுழற்சி இசைத்தட்டுகளுக்கு ஒரு பிரிட்டிஷ் குழு எழுதிய வணக்கம் அது. பொது விற்பனைப் பட்டியலில் அந்தப் பாட்டு உச்சிக்குப் போனது 1998 பிப்ரவரியில், அதுவும் நார்மன் குக் செய்த மறுகலவை (ரீமிக்ஸ்) வடிவத்தில். அப்படியானால் இது எந்த ஆண்டின் பாட்டு? பீலின் நேயர்களுக்கு 1997. கடைக்காரருக்கு 1998. இரண்டும் சரிதான். ஆனால் ஒரு பட்டியலுக்குள் ஒரே விதிதான் இருக்க முடியும். முதலில் வெளிவந்த தேதியைக் கணக்கில் கொள்வதா, பிரபலமான தேதியைக் கொள்வதா என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மறுகலவைகளைத் தனிப் பாட்டாக எண்ணுவதா, மூலத்தோடு சேர்ப்பதா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி.

கொழும்பிலிருந்து வந்த இந்திப் பட்டியல்

வாக்குக் கேட்காமல் விற்பனையை எண்ணினால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமே என்று தோன்றலாம். அதைச் செய்து பார்த்தவர் இந்தி வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி. 1952 டிசம்பரில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. சீபா நிறுவனத்தின் பற்பசை விளம்பரத்துக்கான நிகழ்ச்சி. இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சி இலங்கையிலிருந்து ஒலிபரப்பானதற்குக் காரணம் டெல்லி. அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் திரையிசையைத் தரக்குறைவு என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் சுருங்கியது. இலங்கை வானொலியிடமோ இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி இருந்தது. விளம்பரம் வாங்கும் வர்த்தக சேவையும் இருந்தது. பம்பாயில் பதிவு செய்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அது வட இந்தியா முழுக்கக் கேட்கும். அதே நிலையத்தின் தமிழ்ச் சேவை நம் ஊர்களில் என்ன செய்தது என்று மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அது தரவரிசை நிகழ்ச்சியே அல்ல. ஏழு பாட்டுகள் கலைந்த வரிசையில் ஒலிக்கும். சரியான வரிசையில் அடுக்கி எழுதுகிறவருக்கு நூறு ரூபாய்ப் பரிசு. சயானிக்கு வாரத்துக்கு 25 ரூபாய் சம்பளம். முதல் வாரமே சுமார் 9,000 கடிதம் வந்தது என்றும், ஓராண்டுக்குள் வாரத்துக்கு 60,000-ஐத் தாண்டியது என்றும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஏழு பாட்டை அடுக்க 5,040 விதம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் 9,000 பேரில் இரண்டு பேருக்குச் சரியாக வரும். 60,000 பேரில் பன்னிரண்டு பேருக்கு. பரிசுப் பணம் பெரிதல்ல, ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. அது நடக்கிற காரியம் இல்லை என்று ஆனதும் போட்டியை விட்டுத் தரவரிசைக்கு மாறினார்கள்.

தரவரிசைக்கு ஆதாரம் இசைத்தட்டுக் கடைகளின் விற்பனை. ஊர் ஊராகக் கடைகளிடமிருந்து கணக்கு வரும். இதிலும் ஓட்டைகள் இருந்தன. கடையில் இசைத்தட்டு தீர்ந்துபோனால் விற்பனை நின்றுபோகும். அந்த வாரம் அந்தப் பாட்டு இறங்கிவிடும். உண்மையில் அதுதான் மிகவும் கேட்கப்பட்ட பாட்டாக இருக்கும். இரண்டாவது, கணக்கு எந்தக் கடைகளிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் தயாரிப்பாளர் தரப்பே போய் மொத்தமாக வாங்கிவிடலாம். மூன்றாவது, ஒரே தட்டின் இரண்டு பக்கத்தில் இரண்டு பாட்டு. எதற்காக வாங்கினார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியாது. இதையெல்லாம் ஈடுகட்ட நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். மன்றம் என்றால் சிறு ஊர்களில் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூடிய ரசிகர் கூட்டம். தட்டு வாங்கக் காசில்லாதவர்களின் குரலும் கணக்கில் சேர்ந்தது. இரண்டு வேறு ஆதாரங்களைச் சேர்ப்பதில் இருக்கிற பெரிய லாபம், ஒன்றை ஏமாற்றுகிறவர் மற்றொன்றையும் ஏமாற்ற வேண்டியிருக்கும் என்பதே.

ஆண்டு இறுதிப் பட்டியல்களைப் புரட்டினால் ஒரு வினோதம் தெரியும். 1962-இன் முதல் பாட்டு 'ஜங்லீ' படத்தில் வந்தது. படம் வெளிவந்தது 1961-இல். 1975-இன் முதல் பாட்டு 'ரோட்டி கபடா அவுர் மக்கான்' படத்தின் விலைவாசிப் பாட்டு. படம் 1974-இல் வந்தது. 1968-இன் முதல் பாட்டு 'ஷாகிர்த்' படத்தது. அது 1967 படம். கடைக்குப் போய், ஊருக்குப் பரவி, வாராவாரம் ஏறி, புள்ளி சேர்க்கப் பாட்டுக்கு மாதங்கள் பிடிக்கும். ஆண்டின் பின்பாதியில் வந்த படம் அந்த ஆண்டில் புள்ளி சேர்க்க முடியாது; அடுத்த ஆண்டுதான் அறுவடை. ஆகவே விற்பனைக் கணக்கில் வரும் ஆண்டுப் பட்டியல் என்பது ஏறக்குறைய ஆறு மாதம் பின்னால் நகர்த்தி வைத்த ஆண்டு. 1974-இல் இந்தியாவில் விலைவாசி தாறுமாறாக ஏறியது. அதைப் பாடிய பாட்டுக்குப் பட்டியலில் மகுடம் கிடைத்தது 1975-இல். அந்தக் காலப் போக்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தள்ளலைக் கணக்கில் எடுக்காமல் தவறான ஆண்டோடு முடிச்சுப் போடுவதைப் பார்க்கலாம்.

இன்னொரு நுணுக்கம். நெடுநாள் பட்டியலில் நின்ற பாட்டை 'சர்தாஜ் கீத்' என்று கௌரவித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். புதியவற்றுக்கு இடம் வேண்டும் என்பதற்காக. வாராந்தர நிகழ்ச்சிக்கு இது தேவையான விதி. ஆனால் ஆண்டு மொத்தத்தில் இது உச்சவரம்பாக வேலை செய்கிறது: மாபெரும் வெற்றிப் பாட்டும் சாதாரண வெற்றிப் பாட்டும் ஒரே வரம்பைத் தொட்டு நின்றுவிடும், வித்தியாசம் சின்னதாகிவிடும்.

இன்றைய ஏமாற்றும் இன்றைய எண்ணிக்கையும்

இணையம் வந்தபின் கடைக்குப் போய்த் தட்டு வாங்கி ஏமாற்ற வேண்டியதில்லை. 2015 ஜனவரியில் டெய்லர் ஸ்விஃப்டின் 'ஷேக் இட் ஆஃப்' பாட்டை ஹாட்டஸ்ட் 100-இலிருந்து டிரிபிள் ஜே நீக்கியது. அந்த நிலையம் வழக்கமாக ஒலிபரப்பாத பாட்டு. விளையாட்டாகத் தொடங்கிய சமூக ஊடகப் பிரசாரத்தில் ஒரு வறுத்த கோழி நிறுவனமும் புகுந்துகொண்டது. வணிகப் பிரசாரத்தால் பயனடைந்தவர்களை நீக்கலாம் என்று விதியில் இருந்த பிரிவு அப்போது கைகொடுத்தது. விதியில் அது எழுதப்படாமல் இருந்திருந்தால் நீக்கியது வெறும் மேட்டிமைத்தனம் என்றாகியிருக்கும். இப்போதும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வேறு மாதிரியான ஓட்டை வெளிப்பட்டது. வாக்களித்தவர்கள் தங்கள் தேர்வை சமூக ஊடகத்தில் பகிரும் வசதி இருந்தது. குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த சிலர் பொதுவெளியில் கிடைத்த அந்தப் பகிர்வுகளைத் திரட்டி எண்ணி, முதலிடத்தை ஒலிபரப்புக்கு முன்பே சரியாகச் சொல்லிவிட்டார்கள். மொத்த வாக்கில் மிகச் சிறு பங்குதான் அவர்கள் கையில் இருந்தது. ஆயிரக்கணக்கான வாக்குச்சீட்டு இருந்தால் மேலே இருப்பவற்றைக் கணிக்க அது போதும். கீழே 80, 90-ஆம் இடங்களில்தான் தடுமாறும், ஏனென்றால் அங்கே அடுத்தடுத்த இடங்களுக்குள் வாக்கு வித்தியாசம் மிகக் குறைவு. அடுத்த முறை அந்தப் பகிர்வு வசதி எடுக்கப்பட்டது. அவர்கள் நேயர்கள் படமெடுத்துப் போட்ட சீட்டுகளை எண்ணி மறுபடியும் முதலிடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

ஸ்ட்ரீமிங் செயலிகள் தருகிற ஆண்டுத் தொகுப்பில் வாக்கே இல்லை. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. ஆகவே எண்ணப்படுவது பிடித்தது அல்ல, திரும்பத் திரும்ப ஓடியது. குழந்தையைத் தூங்கவைக்கப் போட்ட மழைச் சத்தம் ஆண்டின் முதல் கலைஞராக வந்து நிற்பது இதனால்தான்.

தொகுப்பாளர் தானே பட்டியல் போடுவதானால்

இனி 1977-இன் பீல் வழி: நேயர் இல்லை, கடை இல்லை, ஒருவரே தேர்ந்தெடுக்கிறார். வாரம் 2 மணி நேர நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம். பாட்டுக்குச் சராசரி 3 நிமிடம் 45 நொடி என்றால் 25 பாட்டுக்கு 94 நிமிடம். மீதி பேச்சு, நிலைய அறிவிப்பு. ஆண்டுக்கு 50 நிகழ்ச்சி, 1,250 ஒலிபரப்பு. இதை நினைவை மட்டும் நம்பி ஐம்பதாகக் குறைத்தால் பட்டியலில் பாதி செப்டம்பருக்குப் பிந்தையதாக இருக்கும்.

அதற்கு மருந்து பதிவேடு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலிபரப்பிய தேதி, கலைஞர், பாட்டு, வெளியிட்ட நிறுவனம், முதலில் வெளிவந்த தேதி, நீளம், மொழி அல்லது நாடு, எத்தனையாவது முறை ஒலிக்கிறது என்பவற்றைக் குறிக்க வேண்டும். கூடவே அன்றைக்கே ஒரு மதிப்பெண், 1 முதல் 3 வரை போதும். பத்துக்கு மதிப்பெண் போட்டால் எல்லாம் 7-இல் வந்து குவியும். மூன்று மாதத்துக்கொருமுறை 3 மதிப்பெண் வாங்கியவற்றிலிருந்து 20 பாட்டுகளைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். டிசம்பரில் கையில் 80 இருக்கும். அவற்றைக் கலைந்த வரிசையில், பெயர் பார்க்காமல் மறுபடி முழுதாகக் கேட்க வேண்டும். ஐந்து மணி நேர வேலை. ஒரே அமர்வில் செய்தால் கடைசி இருபதுக்குக் காது மரத்துப்போகும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

ஐம்பது தேறியதும் மாதவாரியாக எண்ணிப் பார்க்க வேண்டும். சமமாகப் பிரிந்தால் கடைசி மூன்று மாதத்துக்கு 12 அல்லது 13 வரும். இருபதைத் தாண்டினால், அந்தக் காலாண்டு உண்மையிலேயே வளமானதா அல்லது நினைவு ஏமாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்த் திரையிசை என்றால் பொங்கலையும் தீபாவளியையும் ஒட்டி இயல்பாகவே மேடு தெரியும். அதைத் தவறென்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. காலவரம்பு டிசம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை என்று வைத்துக்கொண்டால் கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்த பாட்டு அனாதையாகாது. அடுத்த ஆண்டில் சேரும். ஜனவரி முதல் டிசம்பர் என்று பெயருக்கு வைத்துக்கொண்டு டிசம்பர் 10-இல் பட்டியலை மூடினால் அந்த மூன்று வாரம் எந்த ஆண்டுக்கும் சொந்தமில்லாமல் போகும்.

நேரக் கணக்கிலும் சறுக்குவார்கள். ஐம்பது பாட்டு 187 நிமிடம்; ஒவ்வொன்றுக்கும் அரை நிமிட அறிமுகம் என்றால் இன்னும் 25. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். இரண்டு மணி நேர நிகழ்ச்சி இரண்டு வேண்டும். கீழிருந்து மேலே வரும்போது முதல் நாளில் 50 முதல் 24 வரை முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் நாள் கடைசியில் முதல் ஐந்து பாட்டுகள் அவசர அவசரமாக, பாதியில் வெட்டுப்பட்டு ஓடும். நேயர் காத்திருந்தது அந்த ஐந்துக்காகத்தான்.

போக்கு என்று எதைச் சொல்லலாம் என்பதில் கூடுதல் கவனம் தேவை. போன ஆண்டு ஐம்பதில் 10 பாட்டு பெண்கள் பாடியவை, இந்த ஆண்டு 13. உடனே 'பெண் குரல்களின் ஆண்டு' என்று அறிவித்துவிடுவார்கள். ஐம்பதில் 10 என்கிற விகிதம் அப்படியே மாறாமல் இருந்தாலும், வெறும் தற்செயலில் மூன்று கூடலாம், மூன்று குறையலாம். 13 என்பது ஒன்றையும் நிரூபிக்காது. முழுப் பதிவேட்டின் 1,250-இல் பாருங்கள். அங்கே 20 சதவீதம் என்பது 250. தற்செயல் ஆட்டம் 14 அளவுதான். 250 என்பது 325 ஆகியிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். பாட்டின் நீளம் குறைகிறதா, புதுக் கலைஞர்களின் பங்கு எவ்வளவு, சிறு நிறுவனங்கள் தேய்கின்றனவா என்பதற்கெல்லாம் இதே வழிதான். அங்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: பதிவேடு காட்டுவது தொகுப்பாளர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை. இசை மாறியதா, அவர் மாறினாரா என்பதற்கு வேறொருவரின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துத்தான் விடை காண முடியும்.

இறந்தபின் பீலின் வீட்டில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. 26,000 நெடுந்தட்டும் (எல்.பி.) 40,000 சிறுதட்டும் (சிங்கிள்) சேர்த்து வைத்திருந்தவர், அவற்றிலிருந்து சுமார் 140 சிறுதட்டுகளை மட்டும் தனியே எடுத்து அந்தப் பெட்டியில் வைத்திருந்தார். தனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது என்று அவர் வாழ்நாளெல்லாம் சொன்ன அண்டர்டோன்ஸ் குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' அந்தப் பெட்டியில் இல்லை. அதை வேறிடத்தில் தனியாக வைத்திருந்தார். அவருடைய கல்லறைக் கல்லில் அந்தப் பாட்டின் வரிதான் இருக்கிறது. பெட்டியை மட்டும் எண்ணி அவருடைய முதல் பாட்டைக் கண்டுபிடிக்கப் போனவர் நிச்சயம் தோற்றிருப்பார்.

2004 அக்டோபரில் பீல் காலமானார். அந்த ஆண்டின் பட்டியலை ராப் ட பாங்க் ஒலிபரப்பினார். 2006 முதல் டாண்டிலயன் ரேடியோ என்ற இணைய வானொலி அதே பெயரில், நேயர் வாக்கோடு நடத்திவருகிறது. டிரிபிள் ஜே நூறோடு நிற்காமல், பிறகு 101 முதல் 200 வரையிலான இடங்களையும் வெளியிடுகிறது. பட்டியல் போடுகிற எல்லாரும் பின்பற்ற வேண்டிய வழக்கம் அது. கொஞ்சம் பேருக்கு மிகவும் பிடித்து இன்னும் பலருக்குப் போய்ச் சேராத பாட்டுகள் அங்கேதான் கிடக்கும். பீலின் நேயர்களிடம் 1976-இல் 51 முதல் 150 வரை என்ன இருந்தது என்பது தெரிந்தால், 1978-இன் முதலிடம் எப்போது கிளம்பியது என்று பார்த்திருக்கலாம்.